ஒரே தூணில் கல்லும் தேக்கும்: ஒரு பொருளுக்குப் பல டெக்ஸ்சர் கொடுப்பது எப்படி?

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் வளவில் நின்று ஒரு தூணை அடியிலிருந்து மேல்வரை பாருங்கள். கீழே கருங்கல் பீடம். அதன்மேல் பர்மா தேக்கில் இழைத்த உருண்டைத் தண்டு. உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, அதில் பூவேலை. பார்க்கிறவர் கண்ணுக்கு மொத்தமும் ஒரே தூண்தான்.

இதையே மெய்நிகர் உலகம் ஒன்றுக்காகக் கணினியில் செய்கிறீர்கள். தூணின் வடிவம் வந்துவிட்டது. தேக்குப் படத்தை எடுத்து அதன்மேல் போட்டால் பீடம், தண்டு, போதிகை மூன்றும் தேக்காகிவிடுகின்றன. கல் படத்தைப் போட்டால் போதிகைவரை கல். அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி: ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று டெக்ஸ்சர் கொடுக்க முடியாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தூணின் அடிக்குக் கல், தண்டுக்கு மரம் என்று பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுப்பது ஒன்று. சுவரின் வெள்ளைப் பூச்சில் கீழிருந்து ஈரக்கறை ஏறுவதுபோல, ஒரே பரப்பில் இரண்டு படங்களைக் கலப்பது இன்னொன்று. ஒரே இடத்துக்கு நிறம், பளபளப்பு, மேடுபள்ளம் என்று தனித்தனிப் படங்களை அடுக்குவது மூன்றாவது. மூன்றுக்கும் செய்முறை வேறு. இணையத்தில் கிடைக்கிற பல பாடங்கள் இதைச் சொல்லாமலேயே ஏதாவது ஒன்றுக்குள் குதித்துவிடுகின்றன. ஈரக்கறை தேடி வந்தவர் தூண் வெட்டும் பாடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு வேண்டியது எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தெரிந்திருக்க வேண்டிய சில சொற்கள்

கணினியில் ஒரு முப்பரிமாணப் பொருள் என்பது உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு தோல். அந்தத் தோல் சின்னச் சின்னத் தட்டையான துண்டுகளால் ஆனது. துண்டு ஒவ்வொன்றும் ஒரு முகம். முகங்கள் சேர்ந்தது மெஷ். டெக்ஸ்சர் என்பது அந்தத் தோல்மேல் ஒட்டும் படம், சாதாரண ஜேபெக் அல்லது பிஎன்ஜி கோப்புதான். மெட்டீரியல் என்பது அந்தப் படத்தோடு சேர்த்து, ஒளி பட்டால் இந்தப் பரப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளின் தொகுப்பு. எனவே ஒரு மெட்டீரியலுக்குள் பல டெக்ஸ்சர்கள் இருக்கலாம். ஒரு பொருளுக்குப் பல மெட்டீரியல்களும் இருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தலைவலிதான் அதிகம்.

படத்தின் எந்த இடம் பொருளின் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று சொல்லும் கணக்குக்கு யூவி என்று பெயர். படத்தின் அகலம் 0 முதல் 1 வரை, உயரம் 0 முதல் 1 வரை. பொருளின் ஒவ்வொரு மூலைப்புள்ளிக்கும் இப்படி இரண்டு எண்கள் ஒதுக்கப்படும். எண் 1-ஐத் தாண்டினால் படம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இப்படி வளைந்த பரப்பின்மேல் படம் ஒட்டும் முறையை யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் 1974-இல் தன் முனைவர் ஆய்வேட்டில் கொண்டுவந்தார். இன்று உங்கள் கைபேசி விளையாட்டு செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்.

முகத்துக்கு ஒரு படம்

பழகுவதற்குத் தூணைவிடத் திண்ணை சுலபம், அது வெறும் பெட்டி. மேற்பரப்பு சிவப்பு ஆக்ஸைடு, முன்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு, பக்கவாட்டில் கல் என்று வைத்துக்கொள்வோம்.

செகண்ட் லைஃப், ஓபன்சிமுலேட்டர் போன்ற உலகங்களில் இதற்கென்றே ஒரு வழி உண்டு. கட்டும் சாளரத்தில் 'செலக்ட் ஃபேஸ்' என்பதைத் தேர்ந்துகொண்டு பெட்டியின் ஒரு முகத்தைச் சொடுக்கினால் அந்த முகம் மட்டும் பிடிபடும்; இப்போது கொடுக்கும் டெக்ஸ்சர் அதில் மட்டும் விழும். அங்கேயே படத்தை எத்தனை முறை திரும்ப வைப்பது, எவ்வளவு சுழற்றுவது, எவ்வளவு நகர்த்துவது என்று முகத்துக்கு முகம் தனியாக அமைக்கலாம். ஸ்கிரிப்ட் (பொருளை இயக்கும் சின்ன நிரல்) எழுதுகிறவர்களுக்கு முகங்கள் எண்களாகத் தெரியும். வெட்டாத சாதாரணப் பெட்டியில் உச்சி 0, அடி 5, சுற்றிலும் உள்ள நான்கும் 1 முதல் 4 வரை. எல்லா முகங்களையும் ஒருசேரக் குறிக்க -1. பெட்டியை வெட்டினாலோ நடுவில் குடைந்தாலோ புதிய முகங்கள் உருவாகி எண்கள் மாறும், அதிகபட்சம் ஒன்பது முகங்கள், அதாவது எண் 8 வரை போகும். திண்ணைக்கு நடுவில் ஒரு பள்ளம் வைத்த பிறகு ஸ்கிரிப்ட் தப்பான பக்கத்துக்குச் சாயம் பூசினால் காரணம் இதுதான்.

லுவான்டி என்ற இலவசக் கட்டை உலகத்தில் இன்னும் நேரடியாக இருக்கும். ஒரு கட்டையை வரையறுக்கும்போது ஆறு படங்களின் பெயரை வரிசையாக எழுதிவிடலாம்: மேல், கீழ், வலம், இடம், பிறகு முன்பின் பக்கங்கள். மேலே புல், பக்கத்தில் மண் என்று வரும் கட்டைகள் எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது தூண். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் பொருளைத் தேர்ந்து மெட்டீரியல் பகுதிக்குப் போனால் ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொரு வரிசையும் ஒரு ஸ்லாட். கூட்டல் குறியை அழுத்தி மூன்று ஸ்லாட்கள் உண்டாக்கி கல், தேக்கு, போதிகை என்று பெயர் வையுங்கள். டேப் விசையை அழுத்தித் திருத்தும் நிலைக்குப் போய், 3-ஐ அழுத்தி முகங்களைத் தேர்வு செய்யும் முறைக்கு மாறுங்கள். பீடத்தின் முகங்களைத் தேர்ந்து, கல் ஸ்லாட்டைச் சொடுக்கி, 'அசைன்' பொத்தானை அழுத்தினால் பீடம் கல்லாகிவிடும். மற்ற இரண்டுக்கும் அப்படியே. முதல் ஸ்லாட்தான் ஆரம்பத்தில் எல்லா முகங்களுக்கும் சொந்தம் என்பதால், அதிகப் பரப்புள்ள தேக்கை முதலில் வைத்தால் ஒரு வேலை மிச்சம்.

இந்த முறையில் ஒரு முகத்துக்கு ஒரு மெட்டீரியல்தான். முகத்தின் நடுவில் அது மாறாது. கல்லும் மரமும் சந்திக்கும் உயரத்தில் மெஷ்ஷில் ஒரு விளிம்பு இல்லையென்றால் எல்லை அங்கே விழாது. பக்கத்தில் எங்கே விளிம்பு இருக்கிறதோ அங்கே போய் நிற்கும். அப்போது தூணைச் சுற்றி ஒரு வெட்டுக்கோடு போட வேண்டும் (பிளெண்டரில் கண்ட்ரோல்-ஆர்). எதிர்த்திசையிலும் இதை நினைவில் வையுங்கள். நிஜ வீட்டில் எங்கே பொருள் மாறுகிறதோ அங்கே பெரும்பாலும் வடிவமும் மாறுகிறது. பீடம் தண்டைவிடத் துருத்திக்கொண்டிருக்கும், போதிகை விரியும். ஆசாரி வைத்த அந்த விளிம்புகளை ஒழுங்காகச் செய்திருந்தால் டெக்ஸ்சருக்கான எல்லைக்கோடு ஏற்கெனவே அங்கே இருக்கும், தனியாக வெட்டத் தேவையிருக்காது.

உருண்டைத் தண்டுக்கு யூவி விரிக்கும்போது, அதாவது தோலைப் படம்போல் தட்டையாக்கும்போது, ஒரு நெடுக்குக் கோட்டில் அதைக் கிழித்தாக வேண்டும். அதற்கு 'சீம்' என்று குறிப்பார்கள். அந்தக் கோட்டில் மரத்தின் ரேகை ஒட்டாமல் நிற்கக்கூடும் என்பதால், சுவரைப் பார்த்த பக்கமாக வையுங்கள். ரேகை நெடுக்காக ஓடுகிறதா என்றும் பாருங்கள். குறுக்கே ரேகை ஓடும் தேக்குத் தூணைப் பார்த்தால் செட்டிநாட்டுத் தச்சர் யாரும் சும்மா இருக்க மாட்டார்.

தரைதான் நல்ல பாடம்

ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டில் கையால் வார்க்கும் பூ வடிவத் தரை ஓடு) பதித்த தரையைச் செய்துபார்த்தால் முகம், யூவி, மறுபடி வருதல் என்று எல்லாமே கைக்கு வந்துவிடும். கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்போம்.

கல் ஒன்று 10 அங்குலச் சதுரம் என்று கொள்வோம். பல வடிவங்களில் நான்கு கற்களைச் சேர்த்து வைத்தால்தான் நடுவில் முழுப் பூ உருவாகும். எனவே நம் படத்தில் நான்கு கற்கள் இருக்கட்டும், அது 20 அங்குலம். கூடம் 20 அடிக்கு 20 அடி, அதாவது 240 அங்குலம். படத்தை மறுபடி வராமல் ஒரே தடவை இழுத்துப் போர்த்தினால் 1024 பிக்சல் அகலமுள்ள படம் 240 அங்குலத்துக்குப் பரவும். அங்குலத்துக்கு 4 பிக்சல்தான் கிடைக்கும். பூ என்ன, கறை என்ன என்றே தெரியாது. 12 தடவை திரும்ப வைத்தால் அதே படம் 20 அங்குலத்துக்கு மட்டும் வேலை செய்கிறது, அங்குலத்துக்கு 51 பிக்சல். படம் ஒன்றுதான், நினைவகமும் அதேதான். தெளிவு பன்னிரண்டு மடங்கு.

வெளியிலிருந்து எடுக்கும் கல், மண் படங்களில் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்த வைப்பது பெரும்பாடு. ஆத்தங்குடிக் கல்லில் அந்தப் பாட்டைச் செய்தவரே பட்டுவிட்டார். பக்கத்துக் கல்லோடு சேர்வதற்கென்றே வரைந்த வடிவம் அது. நேராக எடுத்து ஓரம் பிசகாமல் வெட்டினால் போதும்.

இதுவரை சரி. ஆனால் அந்த வீடுகளில் தரை முழுக்க ஒரே வடிவம் பதிப்பது குறைவு. சுவரை ஒட்டி ஒரு பார்டர் வரிசை ஓடும், மூலையில் பார்டர் திரும்புவதற்கு வேறு கல். மறுபடி மறுபடி வரும் படத்துக்குத் தரை எங்கே முடிகிறது என்று தெரியாது, அதனால் பார்டரை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஒரே முகமாக இருக்கும் தரையில் ஓரத்திலிருந்து 10 அங்குலம் தள்ளி நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு கோடுகள் வெட்டுங்கள். ஒன்பது முகங்கள் கிடைக்கும்: நடுவில் ஒன்று, பக்கங்களில் நான்கு, மூலைகளில் நான்கு.

மெட்டீரியல் ஒன்பது வேண்டாம், மூன்று போதும். நடு முகம் இப்போது 220 அங்குலம், 20-ஆல் வகுத்தால் சரியாக 11 தடவை. பார்டர் முகம் நீளத்தில் 22 கல், அகலத்தில் ஒன்று. மூலைக்கு ஒரே ஒரு கல். நான்கு பக்கப் பார்டருக்கும் படம் ஒன்றுதான். யூவியை மட்டும் 90, 180, 270 பாகை சுழற்றிவிட்டால் கோடு எப்போதும் சுவர்ப்பக்கமாக நிற்கும். மூலைக்கும் அதே சுழற்சி. கூடத்தின் அளவு இப்படி வசமாக வகுபடாமல் இருந்தால் நிஜத்தில் கொத்தனார் என்ன செய்வாரோ அதையே செய்யுங்கள், ஓரக்கல்லை வெட்டிப் பதியுங்கள். படத்தை இழுத்து நீட்டிச் சரிக்கட்டாதீர்கள், வட்டப் பூ முட்டையாவது உடனே கண்ணில் படும்.

இன்னொரு விஷயம். கையால் செய்த கற்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒரே கல்லின் படம் நூறு தடவை வந்தால் அச்சடித்த விரிப்பு மாதிரி தெரியும். முடிந்தால் எட்டு, பதினாறு கற்கள் உள்ள படமாக எடுங்கள். அதுவும் போதாதென்றால் அடுத்து வரும் கலவை முறை கைகொடுக்கும்.

எல்லைக்கோடே இல்லாதபோது

செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சு சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து மெழுகியது. பல வருஷம் ஆகியும் சலவைக்கல் போல மின்னும். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் அதே சுவரின் அடியில் ஈரம் ஏறி மஞ்சளாகியிருக்கும், தூம்பின் கீழே பாசி படிந்து கறுத்திருக்கும். இந்தக் கறைக்கு நேரான எல்லை கிடையாது. முகமாக வெட்டிப் பிரிக்க நினைத்தால் ஆயிரம் முகம் வெட்டினாலும் அது காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியதுபோலத்தான் நிற்கும்.

இங்கே வேண்டியது மாஸ்க். அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கறுப்பு இருக்கும் இடத்தில் முதல் டெக்ஸ்சர், வெள்ளை இருக்கும் இடத்தில் இரண்டாவது. ஆத்தங்குடியில் கல் வார்ப்பவர் கண்ணாடித் தட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அறைக்கு ஒரு நிறமாகக் கலவையை ஊற்றி, பிறகு அச்சைத் தூக்குகிறாரே, கறுப்பும் வெள்ளையும் மட்டும் உள்ள மாஸ்க் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது: இந்த நிறம் இங்கே, அந்த நிறம் அங்கே. அச்சால் முடியாத ஒன்று மாஸ்க்குக்கு முடியும், அதுதான் சாம்பல் நிறம். சாம்பல் உள்ள இடத்தில் இரண்டு படமும் அந்த அளவுக்குக் கலந்து வரும்.

உள்ளே நடப்பது கடைத்தெருக் கணக்கு. சுத்தமான பூச்சின் வெளிச்சம் 0.8, ஈரக்கறையின் வெளிச்சம் 0.4, அந்த இடத்தில் மாஸ்க்கின் மதிப்பு 0.25 என்றால், முதலாவதில் முக்கால் பங்கு 0.6, இரண்டாவதில் கால் பங்கு 0.1, கூட்டினால் 0.7. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக இப்படி நடக்கிறது.

பிளெண்டரில் மெட்டீரியலைக் கணுக்களாக, அதாவது கம்பியால் இணைக்கும் சிறு பெட்டிகளாக, அமைக்கலாம். இரண்டு படக் கணுக்களையும் 'மிக்ஸ் கலர்' கணுவில் இணைத்து, மாஸ்க் படத்தை அதன் 'ஃபேக்டர்' துளையில் செருக வேண்டும். மாஸ்க்கைத் தூரிகையால் பொருளின்மேலேயே வரையலாம். வரையும்போது ஈரம் எங்கிருந்து வரும் என்று யோசித்து வரையுங்கள்: தரையை ஒட்டி அடர்த்தி, மேலே போகப் போகக் குறைவு, சன்னல் விளிம்பின் இரண்டு முனைகளிலிருந்தும் கீழே ஒழுகும் கோடு. கண்டபடி தெளித்த கறை அழுக்காகத் தெரியுமே தவிரப் பழமையாகத் தெரியாது. புதிதாகச் செய்கிறவர்கள் கறையை அள்ளிக் கொட்டுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பாதியாகக் குறைத்தால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

முன்னே விட்ட ஆத்தங்குடித் தரைக்கும் இதுவே மருந்து. பூப் படம் 11 தடவை வரட்டும். அதன்மேல் தரை முழுவதற்கும் ஒரே ஒரு மங்கலான மாஸ்க், திரும்ப வராமல், ஆட்கள் நடக்கும் வழியில் சற்று வெளுப்பாக. பூ திரும்பத் திரும்ப வருவது அப்போது கண்ணில் படாது.

நிலத்துக்கும் இந்த முறைதான். ஒரு படத்தில் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என்று நான்கு தடங்கள் உள்ளன. தடத்துக்கு ஒன்றாகச் செம்மண், சரளை, புல், சேறு என்று நான்கு டெக்ஸ்சர்களின் மாஸ்க்கை ஒரே படத்தில் அடைத்துவிடலாம். பல விளையாட்டு எஞ்சின்களின் (விளையாட்டை இயக்கும் மென்பொருள்களின்) நிலம் வரையும் கருவி திரைக்குப் பின்னால் இதைத்தான் செய்கிறது. செகண்ட் லைஃபில் நிலத்துக்கு நான்கு டெக்ஸ்சர் கொடுத்தால் உயரத்தைப் பொறுத்து அதுவே கலந்துகொள்ளும். நம் ஊர்த் தட்டைக் காட்டுக்கு அது அவ்வளவாக உதவாது. ஊருணிக் கரையைத் தவிர வேறு மேடு ஏது?

கோலம், சுவரொட்டி மாதிரி சின்னச் சமாச்சாரங்களுக்கு இவ்வளவும் வேண்டாம். கோலத்தை ஒளிபுகும் பின்னணியுள்ள படமாக ஒரு தனித் தகட்டில் போட்டு வாசல் தரைமேல் வைத்துவிடலாம். தகடு தரையோடு ஒரே மட்டத்தில் இருந்தால் இரண்டும் அடித்துக்கொண்டு மினுக்கும். ஒரு சில மில்லிமீட்டர் தூக்கி வையுங்கள்.

ஒரே இடத்துக்குப் பல படங்கள்

மூன்றாவது வகையைத்தான் பலர் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். நிறப் படம் மட்டும் போட்ட சுவர் எவ்வளவு நல்ல புகைப்படத்திலிருந்து வந்தாலும் அட்டைச் சுவராகவே நிற்கும். காரணம், ஒளி அதன்மேல் பட்டு எப்படித் திரும்ப வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

இன்றைய மெட்டீரியல்களில் அடிப்படை நிறத்தோடு சொரசொரப்புக்கு ஒரு படம், உலோகமா இல்லையா என்பதற்கு ஒரு படம், மேடுபள்ளத்துக்கு ஒரு நார்மல் படம் என்று சேர்ந்து வரும். இவை ஒன்றன்மேல் ஒன்று ஒரே யூவியில் உட்காரும். ஆனால் நிறப் படத்தைத் தவிர மற்றவை கண்ணுக்கு நேராகத் தெரிவதில்லை, ஒளிக் கணக்குக்குப் போகும் எண்கள் அவை. செட்டிநாட்டுப் பூச்சையும் சாதாரண வெள்ளையடித்த சுவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் முழுவதும் சொரசொரப்பில் இருக்கிறது: முன்னதற்குக் குறைவு, பின்னதற்கு அதிகம். ஒரு படத்தை மாற்றினால் சுவரின் சொத்து மதிப்பே மாறிவிடும்!

அதேபோல ஈரக்கறைக்கு வரைந்த மாஸ்க்கை நிறத்துக்கு மட்டும் கொடுத்து நிறுத்தாதீர்கள். பூச்சு உரிந்த இடத்தில் மினுமினுப்பும் போயிருக்குமே. அதே மாஸ்க்கைச் சொரசொரப்புக்கும் இணையுங்கள்.

நிலைக்கதவின் மரவேலைக்கு நார்மல் படம் வரப்பிரசாதம். கஜலட்சுமியும் கொடியும் இலையும் என்று அத்தனையையும் மெஷ்ஷாகச் செதுக்கினால் லட்சக்கணக்கில் முகம் போகும். பரப்பு தட்டையாகவே இருக்க, ஒளி மட்டும் வளைந்து திரும்புவதுபோல் ஏமாற்றும் இந்த உத்தியின் மூல வடிவத்தை ஜேம்ஸ் பிளின் 1978-இல் வெளியிட்டார். ஏமாற்றுக்கு ஒரு வரம்பு உண்டு. பொருளின் வெளிக்கோடு மாறாது. ஆழமில்லாத பூவேலைக்கு இது போதும். நிலையிலிருந்து ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் யாளிக்குப் போதாது, அதை வடிவமாகவே செய்ய வேண்டும்.

பிளெண்டரில் சொரசொரப்பு, நார்மல் படங்களை ஏற்றியதும் அவற்றின் நிற வெளியை 'நான்-கலர்' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மென்பொருள் அவற்றையும் புகைப்படமாக நினைத்து எண்களைத் திரித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, பார்க்க மட்டும் ஏதோ சரியில்லாமல் இருக்கும்.

இதற்கு என்ன விலை?

1024-க்கு 1024 பிக்சல் படம், பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுருக்காமல் 4 மெகாபைட். 2048 என்றால் 16, 4096 என்றால் 64. பக்கம் இரட்டித்தால் எடை நான்கு மடங்கு. நம் தூணுக்கு மூன்று மெட்டீரியல், ஒவ்வொன்றுக்கும் மூன்று படம், எல்லாம் 2048 என்று போட்டால் 144 மெகாபைட், ஒரு தூணுக்கு! கிராஃபிக்ஸ் அட்டைக்கென்று உள்ள சுருக்க முறைகள் இதை வெகுவாகக் குறைக்கும் என்றாலும் கைபேசியில் பார்க்கப்போகிறவருக்கு இது பாரம்தான். வளவில் நாற்பது தூண் இருந்தாலும் அதே படங்களைப் பகிர்ந்துகொண்டால் நினைவகம் கூடாது என்பது ஒரு நிம்மதி.

கூடுவது வேறொன்று. பல எஞ்சின்களில் ஒவ்வொரு மெட்டீரியல் பகுதியையும் வரையச் சொல்லி கிராஃபிக்ஸ் அட்டைக்குத் தனி உத்தரவு போகிறது. நாற்பது தூண், மூன்று மெட்டீரியல், 120 உத்தரவு. இதனால்தான் அனுபவசாலிகள் மெட்டீரியல் எண்ணிக்கையைக் கஞ்சத்தனமாகப் பார்ப்பார்கள். செகண்ட் லைஃபில் பதிவேற்றும் மெஷ் ஒன்றுக்கு 8 மெட்டீரியல் முகம் என்று வரம்பே உண்டு.

குறைக்க ஒரு வழி அட்லஸ்: கல், தேக்கு, போதிகை மூன்றையும் ஒரே படத்துக்குள் பக்கம் பக்கமாக வைத்து, யூவியை அந்தந்தப் பகுதிக்கு நகர்த்திவிடுவது. மெட்டீரியல் ஒன்றாகிவிடும். ஆனால் அட்லஸில் உள்ள படத்தைச் சாதாரணமாகத் திரும்பத் திரும்ப வைக்க முடியாது, 1-ஐத் தாண்டினால் பக்கத்துக் கல் வந்துவிடும். ஆகவே தூணுக்கு அட்லஸ், ஆத்தங்குடித் தரைக்குத் தனி மெட்டீரியல் என்பது என் பழக்கம். அட்லஸில் பகுதிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, ஓர நிறத்தையே அந்த இடைவெளிக்குள் நீட்டி நிரப்புங்கள். தூரத்தில் இருக்கும் பொருளுக்கு எஞ்சின் படத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று சுருக்கிப் பயன்படுத்தும்போது (மிப்மேப் என்பார்கள்) இடைவெளியும் சுருங்கும். 8 பிக்சல் இடைவெளி மூன்றாம் சுருக்கத்தில் 1 பிக்சல் ஆகிவிடும். அதற்குப் பிறகு கல்லின் சாம்பல் தேக்கின் ஓரத்தில் கோடாகத் தெரியத் தொடங்கும்.

எல்லாவற்றையும் ஒரே பொருளாகத்தான் வைக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். கதவு திறக்க வேண்டும் என்றால் கதவு தனிப் பொருள், நிலை தனிப் பொருள். சன்னலின் வண்ணக் கண்ணாடி ஒளி ஊடுருவும் பொருள் என்பதால் அதற்குத் தனி மெட்டீரியலாவது கட்டாயம். நகராத, சேர்ந்தே இருக்கிற, ஒன்றாகவே நகலெடுக்கப்போகிற பொருளுக்குத்தான் பல டெக்ஸ்சர் உத்தி பொருந்தும்.

படம் எடுக்கும்போது

சொந்தமாக டெக்ஸ்சர் எடுக்கப் போகிறீர்களா? அந்த வீடுகள் பலவற்றுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு எடுங்கள். வெயில் நேராக விழும் நேரம் வேண்டாம். முற்றத்து வெயில் தூணின் நிழலைத் தரையில் வரைந்துவிடும். அந்த நிழல் படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து, மெய்நிகர் உலகில் சூரியன் எங்கே இருந்தாலும் அதே இடத்தில் கிடக்கும். மேகமூட்டமான நேரம் அல்லது நிழலான இடம், கேமரா பரப்புக்கு நேராக, ஃபிளாஷ் இல்லாமல். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டால், கல் 10 அங்குலமா 8 அங்குலமா என்று வீட்டுக்கு வந்து யோசிக்க வேண்டாம்.

கடைசியாக ஏற்றுமதி. பிளெண்டரில் மிக்ஸ் கணு வைத்து அழகாகக் கலந்த சுவரை, முப்பரிமாணப் பொருட்களை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஜிஎல்டிஎஃப் கோப்பாக வெளியே எடுத்தால் கலவை காணாமல் போகும். அந்த வடிவம் மெட்டீரியலுக்கு முடிந்துபோன படங்களைத்தான் எதிர்பார்க்கிறது, கணுக்களின் வலைப்பின்னலை அது எடுத்துச்செல்லாது. அதனால் ஏற்றுமதிக்கு முன் கலவையைப் 'பேக்' செய்து ஒற்றைப் படமாக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று விழாத இரண்டாவது யூவி ஒன்றை விரித்து, வெற்றுப் படம் ஒன்றை உண்டாக்கி, பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் (ஒளியைக் கணக்கிட்டுப் படம் வரையும் பகுதி) முதலில் நிறத்தை மட்டும், நேரடி ஒளியையும் மறைமுக ஒளியையும் அணைத்துவிட்டு, பேக் செய்யுங்கள். அடுத்து சொரசொரப்பு, அதன்பிறகு நார்மல். ஒளியை அணைக்க மறந்தால் அறையின் விளக்கும் நிழலும் சுவரோடு சேர்ந்து பேக் ஆகிவிடும்.